பழகிப்போன விரல்கள்

அவருடைய கால் அளவு எட்டு. செருப்பு ஏழு. குதிகால் ஒரு விரற்கடை அளவுக்கு எப்போதும் வெளியே தொங்கிக்கொண்டிருக்கும். சந்தித்த மூன்றாவது வாரமே நான் கேட்டுவிட்டேன்.

"என்னங்க இது, வீட்ல வேற யாரோட செருப்பையாவது மாட்டிக்கிட்டு வந்துட்டீங்களா?"

"இல்லைங்க, என்னோடதுதான். வாங்குறப்ப பார்க்கலை. பழகிடுச்சு."

"கடையில திருப்பிக் குடுத்தா மாத்தித் தருவாங்களே?"

"ரெண்டு நாள் போட்டேன். பழகிடுச்சு" என்று மறுபடியும் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சின்னப் பெருமை இருக்கும். மற்றவர்கள் வீடு கட்டினேன், பிள்ளையைப் படிக்க வைத்தேன் என்று சொல்லும் தோரணையில் அவர் பழகிடுச்சு என்பார்.

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் அவருக்கு வேலை. பதினெட்டு வருஷமாக அதே கவுண்டர். குடியிருந்தது அங்கேயே ஒரு பழைய அடுக்குமாடியின் தரைத்தளத்தில். படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம் மொத்தக் கட்டடத்துக்கும் தண்ணீர் ஏற்றும் மோட்டார். விடியற்காலையில் அது ஓட ஆரம்பித்தால் கட்டில் அதிரும். நான் ஒரு தரம் அந்த அறையில் பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தேன், பல் கூசியது. அசோசியேஷனில் சொல்லி மோட்டாரை நகர்த்தச் சொல்லக் கூடாதா என்று கேட்டால் அதே பதில்தான்.

எனக்கு அந்தக் குணம் பிடிக்காது. சொல்லிவிடுகிறேனே. நான் எதற்கும் சட்டென்று கோபப்படுகிற ஆள். எனக்குத் திருச்சி கே.கே. நகரில் ஒரு ஜெராக்ஸ் கடை. அதற்கு முன்னால் பன்னிரண்டு வருஷம் கல்யாண வீடுகளில் மெல்லிசைக் குழுவோடு கிட்டார் வாசித்தேன். அதில் மிஞ்சியது, கேட்காதவர்களுக்கும் கிட்டார் பற்றி வகுப்பெடுக்கிற வியாதி ஒன்றுதான். அந்த வியாதிதான் அவரை என்னிடம் கொண்டுவந்து சேர்த்தது.

ஆறேழு வருஷம் இருக்கும். சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு வாத்தியக் கடை. நான் கம்பி வாங்கப் போயிருந்தேன். நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர், மெடிக்கல் ஷாப் பெயர் போட்ட பையோடு, கடைக்காரரிடம் கூச்சத்துடன் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். நகம் உடைந்துகொண்டே இருக்கிறது, அதற்கு ஏதாவது மருந்து இருக்கிறதா என்று. மருந்துக் கடைக்காரர் வாத்தியக் கடையில் வந்து மருந்து கேட்கிறார்! கடைக்காரர் திருதிருவென்று முழித்தார். நான் நுழைந்துவிட்டேன்.

விஷயம் இதுதான். அவர் வீட்டு மாடியில் குடியிருந்த ஒரு மாணவன் காலி செய்து போகும்போது தன் கிட்டாரை அவரிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். செல்போனில் பார்த்துப் பார்த்து ஒரு வருஷமாகப் பழகியிருக்கிறார். பிளெக்ட்ரம் என்கிற பிளாஸ்டிக் வில்லையை வைத்துச் சொரேல் சொரேல் என்று இழுக்கிற வாசிப்பு இல்லை; கட்டை விரலால் கீழ் ஸ்தாயியும் மற்ற மூன்று விரல்களால் மெட்டுமாக ஒவ்வொரு கம்பியையும் தனித்தனியே மீட்டுகிற வாசிப்பு. அதற்கு வலது கையில் நகம் வேண்டும். இவரோ நாள் முழுக்க அட்டைப் பெட்டி கிழிக்கிறார், மாத்திரைப் பட்டையைக் கத்தரிக்கிறார், ரப்பர் பேண்ட் போடுகிறார். நகம் எங்கே நிற்கும்? வெறும் சதையால் மீட்டினால் சத்தம் எழும்பவில்லை.

"சமையக்கட்டு வரைக்கும் கேக்க மாட்டேங்குதுங்க" என்றார். சமையக்கட்டு வரைக்கும் எதற்குக் கேட்க வேண்டும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

நான் ஃபிங்கர் பிக் வாங்கச் சொன்னேன். விரல் நுனியில் மாட்டிக்கொள்கிற சின்ன உலோக வளையம். அதிலிருந்து இலை மாதிரி ஒரு தகடு நீண்டிருக்கும். கட்டை விரலுக்கு மட்டும் பிளாஸ்டிக். கடைக்காரர் ஒரு டப்பாவைக் கவிழ்த்தார். எது மெல்லிசு, எது தடிமன், பித்தளையின் சத்தம் எப்படி, வெள்ளை உலோகத்தின் சத்தம் எப்படி என்று அரை மணி நேரம் பிரசங்கம் செய்தேன். மெல்லிசு என்றால் சீக்கிரம் வளைந்துவிடும், தடிமன் என்றால் விரல் கனக்கும், நடுத்தரமாகப் பித்தளையில் மூன்று எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் ஒன்றை மாட்டிப் பார்த்து முகம் சுளித்தார். வளையம் கடித்தது.

"இறுக்கமா இருக்குங்களே?"

"முதல்ல பதினஞ்சு நாள் வலிக்கும். அப்புறம் வலி நின்னுடும். வலி நின்னுச்சுன்னா விரல் பழகிடுச்சுன்னு அர்த்தம்."

இதை நான்தான் சொன்னேன். வாத்தியக் கடை வாசலில், கையில் கம்பிப் பொட்டலத்தோடு, எல்லாம் தெரிந்தவன் போல. அந்த வாக்கியத்தை இன்று எத்தனை தரம் நினைத்துப் பார்த்தாலும் அதில் தவறு ஒன்றும் தெரியாது. எந்தக் கிட்டார்க்காரரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் என் கடைக்கு வந்தார். பெரிய ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு என் கிட்டாரைக் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். சுரண்டல் சத்தம்தான் வந்தது. கையைப் பார்த்தால் மூன்று பிக்கையும் தலைகீழாக மாட்டியிருக்கிறார். தகடு நகத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது, கம்பியில் பட வேண்டிய சதைப்பக்கம் வெறுமனே இருக்கிறது. தகட்டின் விளிம்பு உராய்ந்து உராய்ந்து நகக்கண் மூன்றும் தோல் உரிந்து சிவந்திருந்தன.

"ஏங்க, யாரு இப்படிப் போடச் சொன்னது?"

"நகத்துக்குப் பதிலா போடுறதுன்னு நீங்கதானே சொன்னீங்க. அதான் நகத்து மேல போட்டேன்."

"ஒரு வாரமா இப்படியா வாசிச்சீங்க? ரத்தம் வருதே, ஒரு போன் பண்ணிக் கேக்கக் கூடாதா?"

"பழகினா சரியாயிடும்னு பார்த்தேங்க" என்றார்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவரும் சிரித்தார். பிக்கைக் கழற்றித் திருப்பி, தகடு விரலின் சதையை மூடி நிற்கும்படி என் விரலில் மாட்டிக் காட்டினேன். மூக்குக் குறடால் வளையத்தைக் கொஞ்சம் அகட்டினேன். அகட்டியது அதிகமாகிவிட்டது போலிருக்கிறது. மறுநாள் வீட்டில் வாசிக்கும்போது ஒன்று கழன்று எகிறி இட்லி மாவுப் பாத்திரத்தில் விழுந்துவிட்டதாம். அவர் மனைவி மாவைக் கரண்டியால் துழாவி எடுத்துக் கொடுத்தாராம். இதைப் போனில் சொல்லும்போது அவர் குரலில் இருந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் வந்தார். ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு பஸ், மத்திய பேருந்து நிலையத்தில் இறங்கி இன்னொரு பஸ். பின் சக்கரத்துக்கு மேலே இருக்கிற தூக்கிப்போடும் சீட்டில்தான் உட்காருவாராம், அங்கேதான் யாரும் எழுந்திருக்கச் சொல்ல மாட்டார்களாம். பழகிவிட்டதாம்.

பிக் பழகுவது லேசு இல்லை. முதலில் விரலுக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு தகரம் வந்துவிடுகிறது. எங்கே தொடுகிறோம் என்று தெரியாது. தகடு கம்பியில் மாட்டிக்கொள்ளும். ஒன்றோடு ஒன்று இடித்துக் கிணுகிணு என்னும். அவர் தினமும் கடைக்குப் போவதற்கு முன் அரை மணி, வந்த பிறகு அரை மணி உட்கார்ந்தார். ஆள்காட்டி விரலும் நடு விரலும் வளையம் பட்ட இடத்தில் கன்றிப்போயிருந்தன. வாரா வாரம் நான் குறடை எடுத்து அவற்றை அட்ஜஸ்ட் செய்வேன். மோதிர விரல் மட்டும் தொந்தரவே கொடுக்கவில்லை.

"மோதிர விரல்தாங்க ரொம்ப நல்ல பிள்ளை. அது மட்டும் உடனே பழகிடுச்சு. இப்ப பிக் இருக்கறதே தெரியலை."

"கல்யாணமாகி இருபது வருஷம் மோதிரம் போட்ட விரலாச்சே, அதுக்கு இறுக்கம் புதுசா என்ன?" என்றேன். அந்த ஜோக்கை அவர் தன் மனைவியிடமும் போய்ச் சொல்லியிருக்கிறார்.

மனைவி என்றால் அவருக்கு ஒரு மரியாதை உண்டு. அதற்குக் காரணம் ஒருநாள் தானாகவே சொன்னார். அந்த அம்மா கல்யாணத்துக்கு முன்னால் நன்றாகப் பாடுவாராம். காலேஜில் பரிசெல்லாம் வாங்கியிருக்கிறார். கல்யாணமான புதிதில் ஒருநாள் அடுப்படியில் நின்று பாடிக்கொண்டிருந்தபோது இவருடைய அப்பா கூடத்திலிருந்து, "இது வீடா, கச்சேரி மேடையா?" என்று கேட்டிருக்கிறார். பாட்டு பாதியில் நின்றது. அதோடு சரி. அப்பா போய்ச் சேர்ந்து எட்டு வருஷமாகியும் அந்த அம்மா வாய் திறந்து ஒரு வரி பாடவில்லை.

"நான் அப்ப பக்கத்துலதாங்க நின்னேன். பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"பழகிடுச்சுன்னு விட்டுட வேண்டியதுதானே?" என்று நான் குத்தலாகக் கேட்டேன்.

"அவளுக்குப் பழகிடுச்சுங்க. எனக்குத்தான் பழகலை" என்றார்.

கிட்டார் எதற்கு, சத்தம் ஏன் சமையக்கட்டுக்குக் கேட்க வேண்டும் என்பதெல்லாம் அன்றைக்குத்தான் புரிந்தது. பாடு என்று வாய்விட்டுக் கேட்கிற தைரியம் அவருக்கு இல்லை. அந்த அம்மா அன்று பாதியில் நிறுத்திய அந்தப் பழைய சினிமாப் பாட்டை வாசித்துக்கொண்டே இருந்தால் ஒருநாள் தானாக வந்து சேர்ந்துகொள்வார் என்று நம்பினார். அந்த ஒரு பாட்டைத் தவிர வேறு எதையும் கற்றுக்கொள்ள அவர் ஆசைப்படவில்லை. நான் வேறு சிலவற்றைக் காட்டியபோது மரியாதைக்காகத் தலையாட்டினார்.

மெடிக்கல் ஷாப்பில் அவரைப் பார்க்க வேண்டும். நான் ஒரு தரம் தலைவலி மாத்திரைக்குப் போய் நின்றேன். ஸ்ரீரங்கத்தில் பாதிப்பேர் டாக்டரிடம் போகும் முன் இவரிடம்தான் வருவார்கள். ஒரு பெண் கையில் இருந்த படையைக் காட்டினாள். கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு பார்த்தார். "களிம்பு தரேன்மா. ஆனா ரெண்டு வாரத்துல போகலேன்னா டாக்டர்கிட்ட கண்டிப்பா காட்டிடுங்க, விட்டுடாதீங்க" என்று மூன்று தரம் சொன்னார். அந்தப் பெண் போன பிறகும் வாசல் வரை குரல் கொடுத்தார்.

அவருடைய வலது முழங்கைக்குக் கீழே ஒரு வெளிறிய தேமல் இருந்தது. உள்ளங்கை அகலம். கிட்டாரின் விளிம்பில் கை சாயும் இடம் அது. அரைக்கைச் சட்டை போடுகிறவர் என்பதால் எனக்கு முதலிலிருந்தே தெரியும். "கட்டை உரசி உரசித் தோல் வெளுத்துப்போச்சு பாருங்க, எனக்கும் ஆரம்பத்துல இப்படித்தான் இருந்துச்சு" என்றேன். எனக்கு அப்படி இருந்ததே இல்லை. ஏதோ தைரியம் சொல்கிற மாதிரி ஒரு பேச்சு. அவர் தன் கடையிலேயே ஒரு களிம்பு எடுத்து ஒரு வருஷமாகத் தடவிக்கொண்டிருந்தார். போகவில்லை. அரிக்கவும் இல்லை, வலிக்கவும் இல்லை என்றார். அப்புறம் என்ன என்று இருவரும் விட்டுவிட்டோம்.

எட்டு மாதத்தில் வாசிப்பு தேறியது. பித்தளைக்கே உரிய ஒரு மணிச்சத்தம் வந்தது. ஒரு ஞாயிறு என்னை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். சாப்பாடு முடிந்து கூடத்தில் உட்கார்ந்து அந்தப் பாட்டை வாசித்தார். முதல் சரணம் தாண்டி இரண்டாவது சரணத்துக்குப் போகும்போது சமையக்கட்டிலிருந்து குரல் வந்தது. பாத்திரம் கழுவும் சத்தத்துக்கு நடுவே இரண்டு வரி. சுருதி சுத்தமாக இருந்தது. பிறகு ஏதோ நினைவு வந்ததைப் போல நின்றுவிட்டது. அவர் வாசிப்பதை நிறுத்தவில்லை, சமையக்கட்டுப் பக்கம் திரும்பவும் இல்லை. திரும்பினால் ஓடிவிடும் என்று பயந்தாரோ என்னவோ. முடித்த பிறகு என்னைப் பார்த்து, "கேட்டீங்களா?" என்று வெறும் உதட்டசைவில் கேட்டார். கண் நிறைந்திருந்தது. எனக்கும்தான்.

அதோடு நிறுத்திவிடலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். நல்லவிதமாக முடிந்துவிடும். ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை.

ஒரு மாதம் கழித்து மறுபடி போனேன். கட்டை விரல் பிளாஸ்டிக் பிக் புதிது, கெட்டியாக இருந்தது. கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்தால் இளகும், உடனே விரலில் மாட்டினால் விரலின் வடிவத்துக்கு அமைந்துவிடும் என்று நான் சொன்னேன். அவர் மனைவி ஒரு கிண்ணத்தில் கொதிநீர் கொண்டுவந்து, துணியைச் சுற்றிப் பிடித்து, எங்கள் நடுவில் வைத்தார். ஆவி பறந்தது. பிக்கைப் போட்டேன். எடுக்க ஒரு கரண்டி வேண்டும் என்று நான் திரும்புவதற்குள் அவர், "இருங்க, மோதிர விரலை விட்டு எடுத்துடறேன், அது எதையும் தாங்கும்" என்று சொல்லி அந்த விரலைத் தண்ணீருக்குள் விட்டார். அவசரமே இல்லை. பிக்கின் வளையத்துக்குள் விரலைக் கோத்து, கிண்ணத்தின் விளிம்பில் தட்டித் தண்ணீரை உதறிவிட்டு, என்னிடம் நீட்டினார்.

"சுடலையா?"

"தெரியலையேங்க."

நான் சிரித்தேன். "பழகிட்டீங்க சார்! இனிமே உங்களுக்குப் பிக்கே வேண்டாம், விரலே இரும்பாயிடுச்சு" என்று சொல்லி அவர் தோளில் தட்டினேன். அவரும் அந்தச் சின்னப் பெருமையோடு சிரித்தார். அவர் மனைவி சிரிக்கவில்லை. கிண்ணத்தையும் அந்த விரலையும் மாறி மாறிப் பார்த்தார். நான் அதைக் கவனித்தேன். கவனித்தும் பேச்சை மாற்றினேன்.

மறுநாளே விரலில் கொப்புளம். பஞ்சு வைத்துக் கட்டி, அதன் மேலேயே பிக்கை மாட்டி ஒரு வாரம் வாசித்திருக்கிறார். உள்ளே சீழ் வைத்து விரல் வீங்கியிருக்கிறது. வலிக்காததால் அவருக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. கடைசியில் அந்த அம்மாதான் ஒருநாள் காலையில் மெடிக்கல் ஷாப்புக்கே போய், கவுண்டருக்குள்ளிருந்து அவரை வெளியே கூப்பிட்டு, ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருக்கிறார். அவர்களது கல்யாண வாழ்க்கையில் அந்த அம்மா நாலு பேர் முன்னால் குரலை உயர்த்தியது அது ஒரு தரம்தானாம்.

மூன்று நாள் கழித்து எனக்குப் போன் செய்ததும் அந்த அம்மாதான்.

"டாக்டரம்மா கையத் தட்டிப் பார்த்தாங்க, முழங்கை நரம்பைத் தொட்டுப் பார்த்தாங்க. தேமலைப் பார்த்தாங்க. எவ்வளவு நாளா விரல்ல உணர்ச்சி இல்லைன்னு கேட்டாங்க. இவர் என்ன சொன்னார் தெரியுமாங்க? பழகி எட்டு மாசம் ஆச்சுங்க மேடம்னார்."

ஓடிக்கொண்டிருந்த ஜெராக்ஸ் மெஷினை நிறுத்தினேன்.

"தொழுநோயாம்" என்றார். "மாத்திரை சாப்பிட்டா ஒரு வருஷத்துல முழுசாப் போயிடுமாம். யாருக்கும் ஒட்டாதாம். ஆனா நரம்பு செத்துட்டதால போன உணர்ச்சி திரும்புறது சந்தேகம்னாங்க. முதல் மாசமே வந்திருந்தா கையக் காப்பாத்தியிருக்கலாமாம்." பிறகு, "அவருக்கு எதுவும் வலிக்காதுன்னுதாங்க நாங்க எல்லாரும் நினைச்சுக்கிட்டு இருந்துட்டோம்" என்றார்.

அந்தப் போனை வைத்ததும் நான் செய்த முதல் காரியத்தை எழுத வெட்கமாக இருக்கிறது. ஞாயிறுதோறும் அவர் வாசித்த என் கிட்டாரை எடுத்துக் கிருமிநாசினி போட்டுத் துடைத்தேன். கழுத்து, கம்பி, முடுக்காணி எல்லாவற்றையும். கம்பிகளைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது போட்டேன். சட்டையைக் கழற்றிக் கண்ணாடி முன் நின்று என் கை, முதுகு எல்லாம் பார்த்தேன். அதற்குப் பிறகு ஒரு மாதம் தினமும் குளித்ததும் ஊக்கால் என் விரல் நுனிகளைக் குத்திப் பார்த்துக்கொண்டேன். வலித்ததும் நிம்மதியாக இருந்தது. இந்த நோய் அப்படியெல்லாம் ஒட்டாது என்று எனக்குத் தெரியும். இரண்டு மாணவிகளுக்கு இதைப் பற்றிய ப்ராஜெக்டை நானே டைப் செய்து பைண்டிங் போட்டுக் கொடுத்திருக்கிறேன். தெரிந்தும் செய்தேன்.

அவரைப் போய்ப் பார்க்கவில்லை. பரீட்சை நேரம், கடையில் கூட்டம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான்கு மாதம். அவரும் போன் செய்யவில்லை. ஞாயிறு மதியம் ஷட்டரைப் பாதி இறக்காமல் முழுதாகவே இறக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவேன்.

இதற்கிடையில் மெடிக்கல் ஷாப் முதலாளி அவரைக் கவுண்டரிலிருந்து எடுத்து, பின்னால் இருந்த குடோனில் பெட்டி அடுக்கும் வேலையில் போட்டிருக்கிறார். கவுண்டருக்கு வருகிறவர்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள் என்று காரணம். மாத்திரை அவர் தோலைக் கறுக்க வைத்திருந்தது. சொல்லாமலேயே ஊருக்குத் தெரிந்துவிட்டது. காலாவதித் தேதி பார்த்துப் பார்த்து எத்தனை பேரைக் காப்பாற்றியவர் அவர். நான் பக்கத்தில் இருந்திருந்தால் அந்த முதலாளியை நாலு வார்த்தை கேட்டிருப்பேன் என்று இப்போது எழுதத் தோன்றுகிறது. பக்கத்தில் இல்லாத நான் இதை எழுதக் கூடாது.

அந்த அம்மாவிடமிருந்து மறுபடி ஒரு போன் வந்தது. துறையூரில் என் அண்ணன் உரக்கடை வைத்திருக்கிறார், அங்கேயே குடிபோகிறோம், நாளை மத்தியானம் சத்திரத்தில் பஸ் ஏறுகிறோம் என்றார். "அவர் உங்களைப் பார்க்கணும்னு சொல்லலைங்க. நான்தான் சொல்றேன்."

போனேன்.

சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் நான்கைந்து பை, ஒரு கட்டு பாத்திரம். கிட்டார் இல்லை. முகம் கறுத்து மெலிந்திருந்தது. என்னைப் பார்த்ததும் பழைய மாதிரியே எழுந்து நின்றார். நான் உட்காரச் சொல்லி அவருக்கு வலது பக்கத்தில் உட்கார்ந்தேன். மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளே மடங்கியிருந்தன.

"கடையில கூட்டமா இருந்துச்சுங்களா? பரீட்சை டயம்ல" என்று அவரே எனக்கு ஒரு காரணம் எடுத்துக் கொடுத்தார்.

"இல்லைங்க. பயந்துக்கிட்டுதான் வரலை" என்றேன்.

தலையாட்டினார். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

"வலி நின்னா பழகிடுச்சுன்னு அர்த்தம்னு நான்தான் சொன்னேன்" என்றேன். இதைச் சொல்லத்தான் நான் நான்கு மாதம் பயந்தேன்.

"நீங்க பிக்குக்குச் சொன்னீங்க. நான் எல்லாத்துக்கும் எடுத்துக்கிட்டேன். என் மேலதாங்க தப்பு" என்றார்.

அந்த அம்மா குடிதண்ணீர் வாங்கப் போயிருந்தார். பாடுகிறார்களா என்று கேட்டேன். இல்லை என்றார். கிட்டாரை மாடி வீட்டுக்குப் புதிதாக வந்த பெண்ணிடம் கொடுத்துவிட்டதாகவும், கொடுத்த அன்றைக்கு அந்த அம்மா சமையக்கட்டை விட்டு வெளியே வரவில்லை என்றும் சொன்னார். பிறகு துறையூரில் வெயில் அதிகம், உரக்கடையில் உட்கார்ந்து கணக்கு எழுதலாம், இடது கையால் எழுதப் பழகிக்கொண்டிருக்கிறேன் என்று பேசிக்கொண்டே போனார். கண் பஸ்களின் பலகைகள் மேல் இருந்தது. முசிறி, லால்குடி, நாமக்கல் என்று ஒவ்வொன்றாக முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

அவருடைய வலது கை பெஞ்சின் மேல் எங்கள் இருவருக்கும் நடுவில் கிடந்தது. இத்தனை நாளில் அந்தக் கையை நான் ஒரு தரம்கூடத் தொட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பிக்கைத்தான் தொட்டிருக்கிறேன், குறடால். என் கையை எடுத்து, மடங்கிக் கிடந்த அந்த இரண்டு விரல்களின் மேல் வைத்தேன். வைத்து மூடிக்கொண்டேன். அவர் என் பக்கம் திரும்பிப் பார்ப்பார் என்று காத்திருந்தேன்.

அவர் பஸ் பலகைகளைப் படித்துக்கொண்டே இருந்தார்.

தண்ணீர் பாட்டிலோடு வந்த அந்த அம்மா எங்கள் எதிரில் நின்றார். என் கையைப் பார்த்தார். அதன் அடியில் இருந்த அவர் கையைப் பார்த்தார். பிறகு அவருடைய முகத்தைப் பார்த்தார். ஒன்றும் தெரியாமல் அது பஸ்ஸைத் தேடிக்கொண்டிருந்தது. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"துறையூர் வந்துடுச்சு" என்று சொல்லி அவர் எழுந்தார். அதற்கு முன் நான் கையை எடுத்துவிட்டேன்.